குரலுக்கு வைத்த லெவல்

சென்னை ரிச்சி தெருவில் "4440 போர்டு ஒண்ணு" என்று கேட்டால் மறுகேள்வி இல்லாமல் எடுத்து வைப்பார்கள். ஜப்பானின் சான்யோ நிறுவனம் உருவாக்கிய எல்.ஏ.4440 என்ற ஐ.சி.யைச் சுற்றிக் கட்டிய சிறு பலகை அது. கார் ஸ்டீரியோவுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் பொருத்தமாகப் பிறந்தது. 13.2 வோல்ட் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஆறாறு வாட் தரும். தமிழ்நாட்டில் சால்டரிங் அயர்ன் பிடித்த பலர் முதன்முதலில் கட்டிய ஆம்ப்ளிஃபயர் இதுதான். டேப் ரெக்கார்டர்கள் வீடுகளை விட்டுப் போய்விட்டன. இந்தப் போர்டு போகவில்லை.

அதன் டேட்டாஷீட்டில் 51.5 டெசிபல் என்று ஓர் எண் இருக்கிறது. உள்ளே வரும் சிக்னலைச் சுமார் 375 மடங்கு பெருக்கும் என்று அர்த்தம். 4 ஓம் ஸ்பீக்கரில் 6 வாட் கிடைக்க 4.9 வோல்ட் வேண்டும். 4.9-ஐ 375-ஆல் வகுத்தால் 13 மில்லிவோல்ட் வரும். அந்தத் துளி சிக்னலுக்கே இந்த ஐ.சி. தன் முழுச் சக்தியையும் கொட்டிவிடும். அது பிறந்த காலத்தில் இது நியாயமான கணக்கு. டேப் ஹெட்டிலிருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஒரு சின்ன பிரீ-ஆம்ப் அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். மீதி வேலை முழுவதும் 4440 தலையில்தான்.

இன்று அதே போர்டில் மொபைலைச் செருகுகிறோம். மொபைலின் ஹெட்ஃபோன் முனை முழு வால்யூமில் 1 வோல்ட் வரைகூடத் தரும். வேண்டியதைப் போல் எழுபது, எண்பது மடங்கு. அதனால்தான் வால்யூம் குமிழைத் தொட்டதும் செட் அலறுகிறது. குமிழின் மொத்தச் சுற்றில் முதல் நூலளவுக்குள் எல்லாம் முடிந்துபோகிறது. அந்த அடிப்பகுதியில்தான் இரட்டை வால்யூம் கன்ட்ரோல்களின் இடமும் வலமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. மெதுவாகப் பாட்டுக் கேட்க நினைத்தால் ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும். பாட்டை நிறுத்திவிட்டால், யாருக்கும் வேண்டாத அந்த 375 மடங்கு, 'உஸ்' என்ற இரைச்சலாக வீட்டுக்குள் நிற்கும். போர்டில் கோளாறு இல்லை, மொபைலிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே லெவல் வைக்க ஓர் ஆள் இல்லை.

லெவல் வைப்பதை எனக்குக் கற்றுத் தந்தவர் டெசிபல் என்ற சொல்லை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. 1980-களில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். ஊர் முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். பள்ளி விடுமுறைகளில் நான் அந்தக் கடையில் எடுபிடி. நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டுகளின் பெயரை எழுதி, கூடவே டி.டி.கே. கேசட் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். சுவர் நிறைய அடுக்கிய இசைத்தட்டுகளில் தேடி எடுத்து, ஒவ்வொரு பாட்டாக ஏற்றி, இரண்டு மூன்று நாளில் கேசட்டைக் கொடுப்போம். அந்தத் தொழிலில் உரிமை, ராயல்டி என்ற பேச்சு கிடையாது. பாடியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் சேர வேண்டியது சேரவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சிறிய அறையில் ஒலியின் மீது இருந்த அக்கறையை அதற்குப் பிறகு நான் அதிக இடங்களில் பார்த்ததில்லை.

கடையிலிருந்த ஒவ்வொரு கருவியும் வேறொரு அளவில் பேசியது. இசைத்தட்டின் ஊசியிலிருந்து, காந்த வகைக் காட்ரிட்ஜ் என்றால், 5 மில்லிவோல்ட் சுமாருக்கு வரும். அப்போதைய வீட்டு ரெக்கார்டு பிளேயர்களில் இருந்த செராமிக் வகையென்றால் சில நூறு மில்லிவோல்ட். கேசட் டெக்கின் லைன் முனையிலிருந்து 300, 400 மில்லிவோல்ட். இசைத்தட்டு விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தட்டை வெட்டும்போதே கனத்த ஒலிகளைக் குறைத்து, மெல்லிய கீச்சு ஒலிகளைக் கூட்டி வெட்டுவார்கள். கனத்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று, பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். கேட்கும்போது பிரீ-ஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். 1954 முதல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே வளைவு உலகம் முழுவதும் பரவி நிலைத்தது. 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் கூட்ட வேண்டும், 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு குறைக்க வேண்டும். 5 மில்லிவோல்ட்டைத் தூக்குவதும் இந்த வளைவைத் திருப்புவதும் 'ஃபோனோ' என்று எழுதிய ஒரே முனையின் இரட்டை வேலை.

வாடிக்கையாளர்கள் வீட்டில் வாங்கிவைத்த செட்டுகளில் பாதிக் குறை இந்த முனையைச் சுற்றித்தான் வரும். காந்தக் காட்ரிட்ஜை 'ஆக்ஸ்' முனையில் செருகிவிட்டு, "அண்ணாச்சி, புது செட்டுல சத்தமே இல்ல, எஸ்.பி.பி. மூக்கால பாடுதாரு" என்று வருவார்கள். டெக்கை ஃபோனோவில் செருகியவர்களோ, "சத்தம் கிழியுது" என்று வருவார்கள். 5 மில்லிவோல்ட்டுக்குக் காத்திருந்த வாசலில் 300 மில்லிவோல்ட் வந்து நின்றால் கிழியாமல் என்ன செய்யும்? அண்ணாச்சி பின்னை மாற்றிச் செருகிக் காட்டி அனுப்பிவிடுவார். காசு வாங்க மாட்டார்.

ஆனால் அவருடைய உண்மையான வேலை அடுத்த கட்டத்தில் இருந்தது. ஒரே கேசட்டில் டி.எம்.எஸ்., அடுத்து எஸ். ஜானகி, அடுத்து சீர்காழி, அதற்கடுத்து நேற்று வந்த இளையராஜா பாட்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு தட்டிலிருந்து வருகிறது. 45 சுற்று சின்னத் தட்டுகளைச் சத்தமாக வெட்டியிருப்பார்கள். பெரிய எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு அதிக நிமிடங்களை அடைத்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக லெவலைக் குறைக்க வேண்டும். இப்படி வரும் பாட்டுகளை ஒன்றுபோல் கேசட்டில் உட்கார வைக்க வேண்டும். கேசட்டோ இடம் குறைந்த பண்டம். மேலே போனால் நாடா தெவிட்டி ஒலி பிசிறும், கீழே போனால் நாடாவின் இரைச்சலுக்குள் பாட்டு மூழ்கும். சாதாரண கேசட்டில் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே, டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறை இல்லாமல், 50 டெசிபல் சுமாருக்குத்தான் இடம்.

வழி காட்டுவதற்கென்றே டெக்கின் முகத்தில் வி.யு. மீட்டர் இருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் ஆடும் முள். அதற்கு வரலாறு உண்டு. அமெரிக்க வானொலி நிறுவனங்களான சி.பி.எஸ்., என்.பி.சி. இரண்டும் பெல் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து 1939-இல் வகுத்த தரம் அது. முள்ளை வேண்டுமென்றே மந்தமாக நகரும்படி செய்திருந்தார்கள்; ஓர் ஒலி வந்து 300 மில்லிசெகண்ட் நின்றால்தான் தன் முழு இடத்துக்குப் போய்ச் சேரும். பேச்சுக்கும் நீடித்த இசைக்கும் அது சரி. மிருதங்கத்தின் ஒரு 'த' அதற்குள் வந்து, அடித்து, போய்விட்டிருக்கும். முள் பூஜ்யத்துக்குக் கீழே அமைதியாக ஆடிக்கொண்டிருக்கும்போதே நாடாவில் மிருதங்கம் நசுங்கிப் பதிந்திருக்கும்.

நான் முள்ளைப் பார்த்து லெவல் வைப்பேன். எல்லாப் பாட்டும் பூஜ்யத்தைத் தொட்டு ஆட வேண்டும் என்பது என் கணக்கு. அண்ணாச்சி ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டுச் சொல்வார்:

"முள்ளப் பாத்து லெவல் வைக்காதல. ஆள் பாடுதாம்லா, அந்தக் குரலக் கேட்டு வையி."

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. பழைய மோனோ பதிவுகளில் பாடகர் மைக்குக்கு மிக அருகில் நிற்பார். வாத்தியங்கள் பின்னால் அடங்கி ஒலிக்கும். முள்ளை ஆட்டுவதே குரல்தான். 80-களின் பாட்டில் வயலின் கூட்டமும் பேஸ் கிடாரும் டிரம்ஸும் முள்ளை ஆட்டும். குரல் அவற்றுக்கு நடுவில் ஓர் இடத்தில் இருக்கும். இரண்டிலும் முள் ஒரே கோட்டைத் தொட்டால், கேசட் கேட்பவருக்கு டி.எம்.எஸ். காதருகே வந்து முழங்குவார், அடுத்த பாட்டில் ஜானகி அறைக்கு வெளியே நின்று பாடுவார். வீட்டுக்காரர் எழுந்து வால்யூமைத் திருப்பப் போவார். ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் இடையே யாரும் எழுந்து போகக் கூடாது என்பதுதான் அண்ணாச்சியின் அளவுகோல். முதல் பாட்டைக் குரல் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டால், பிறகு வருகிற ஒவ்வொரு பாடகரும் அதே தூரத்தில் உட்கார வேண்டும். வாத்தியக் கூட்டம் முள்ளை எங்கே கொண்டுபோனாலும் சரி. சிவப்பில் அதிக நேரம் நின்று பிசிறினால் மட்டும், முழுக் கேசட்டின் லெவலையும் ஒரு படி இறக்கிவிட்டு முதலிலிருந்து ஏற்றுவார். பாதிக் கேசட் பதிந்திருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். வெளியே ஆள் காத்திருந்தாலும் அப்படித்தான்.

மாலையில் சில நாள் அவரோடு வீடுகளுக்குப் போவேன். அங்கே பிரச்சினை வோல்ட்டில் இருக்கும். ஐரோப்பிய வழி வந்த செட்டுகளில் ஐந்து கால் டின் சாக்கெட் இருந்தது. ஜெர்மன் தரநிலைப்படி, ரெக்கார்டிங்குக்கென்று அதிலிருந்து வரும் சிக்னல் மிக மெலிந்தது. எதிரில் உள்ள கருவியின் உள்தடையில் ஒவ்வொரு கிலோ ஓமுக்கும் ஒரு மில்லிவோல்ட் என்பது அதன் கணக்கு. 47 கிலோ ஓம் லைன் முனையில் செருகினால் 47 மில்லிவோல்ட். ஜப்பான் டெக்குகளின் ஆர்.சி.ஏ. முனை 300 மில்லிவோல்ட் எதிர்பார்க்கும். பின் மாற்றும் கேபிள் ஒன்றை வாங்கி இரண்டையும் இணைத்துவிட்டு, பதிவு இரைகிறது என்று சொன்னவர்கள் நிறையப் பேர். பின் பொருந்துவதும் லெவல் பொருந்துவதும் வேறு வேறு விஷயம் என்று அண்ணாச்சி பொறுமையாகச் சொல்வார். நடுவே ஒரு டிரான்சிஸ்டர் பிரீ-ஆம்ப் கட்டிக் கொடுப்பார்.

டிவி வந்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசை: படத்தின் சத்தம் செட்டில் வர வேண்டும். டிவியில் லைன் முனை இருக்காது. ஸ்பீக்கர் ஒயரைத் தட்டி ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஐந்து வாட் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் முழுச் சத்தத்தில் அந்த ஒயரில் ஏறத்தாழ 4.5 வோல்ட் இருக்கும். ஆக்ஸ் முனைக்கு அது பத்து மடங்குக்கு மேல். இதில் அண்ணாச்சி கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன். காரணம் லெவல் மட்டும் இல்லை. சில பழைய டிவிகளில் டிரான்ஸ்பார்மர் இல்லாமல், உள்ளேயிருக்கும் சேசிஸ் நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். அந்த ஒயரைச் செட்டோடு இணைத்தால் செட்டின் இரும்புப் பெட்டியே ஷாக் அடிக்கும், ஆளைக் கொல்லக்கூடியது. அப்படிப்பட்ட டிவியென்று தெரிந்தால், நடுவே ஒலிக்கான தனி டிரான்ஸ்பார்மர் போடாமல் இணைக்க மாட்டேன் என்று எழுந்துவிடுவார். எவ்வளவு கெஞ்சினாலும் இணைத்துக் கொடுத்ததில்லை. இன்றும் பழைய டிவியைத் திறந்து ஒயர் இழுக்கும் பையன்களைக் காணொளிகளில் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சிடி 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வந்து சேர 90-கள் ஆயிற்று. சிடி பிளேயரின் உச்ச லெவல் 2 வோல்ட். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் பல, லைன் முனையில் 150 மில்லிவோல்ட் வந்தாலே முழுச் சக்தி தரும்படி கட்டியவை. 2 வோல்ட் என்பது உச்சம், பாட்டின் சராசரி அதற்கு வெகு கீழே இருக்கும். ஆகவே இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைப்பது முழு நியாயமில்லை. ஆனாலும் டெக்கிலிருந்து சிடிக்கு மாற்றியதும் வீடு அதிரும் என்பதை அந்தக் காலத்துக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். இதற்கான மருந்து மிக எளியது. சிக்னல் வழியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதைத் தாண்டியதும் சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3.3 கிலோ ஓம் ஒன்று. சிக்னல் நான்கில் ஒரு பங்காகும். 12 டெசிபல் இறங்கும். கால் வாட் ரெசிஸ்டர்கள் இரண்டும் ஆர்.சி.ஏ. பின்னின் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஒயர்தான். 4440 போர்டில் மொபைல் செருகுகிறவர்களுக்கும் இன்று இதே மருந்துதான், இன்னும் கொஞ்சம் அதிகமாக: 10 கிலோ ஓமும் 330 ஓமும் போட்டால் முப்பதில் ஒரு பங்காகிவிடும். குமிழ் பாதிச் சுற்று வரை வரும், இடமும் வலமும் சமமாகும்.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். டிவி, செட்-டாப் பாக்ஸ், ஓ.டி.டி. ஸ்டிக், சவுண்ட்பார், மொபைல். ஃபோனோவும் இல்லை, டின் சாக்கெட்டும் இல்லை. எச்.டி.எம்.ஐ. ஒயரிலும் ஆப்டிகல் ஒயரிலும் ஒலி எண்களாகப் போகிறது. வோல்ட் பொருத்தம் என்ற கேள்வியே எழாது. அண்ணாச்சி வாழ்நாள் முழுவதும் ரெசிஸ்டர் வைத்துத் தீர்த்த சிக்கல் ஒயர்களுக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. ஆனாலும் படம் முடியும் வரை எங்கள் வீட்டில் ரிமோட் கையை விட்டு இறங்குவதில்லை. வசனத்துக்குக் கூட்ட வேண்டும், சண்டைக்குக் குறைக்க வேண்டும், விளம்பரம் வந்தால் பாய்ந்து குறைக்க வேண்டும். எழுந்து போகாமல் உட்கார்ந்தபடியே செய்கிறோம் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

லெவல் பிரச்சினை ஒயரை விட்டு உள்ளடக்கத்துக்குள் குடிபோய்விட்டது. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சி உண்டு, பூஜ்யம் டி.பி.எஃப்.எஸ். என்பார்கள். அதற்கு மேல் எண்ணே கிடையாது. ஆனால் அந்த உச்சிக்குக் கீழே சராசரியை எங்கே வைக்க வேண்டும் என்று சிடி தரம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்துச் சிடியைவிட நம் சிடி சத்தமாக இருக்க வேண்டும் என்ற போட்டியில், 90-களிலிருந்து ஏற்ற இறக்கங்களை நசுக்கி எல்லாவற்றையும் உச்சியில் கொண்டுபோய் ஒட்டினார்கள். மிருதங்கத்தின் அடியும் அதன் பின்னான ஓய்வும் ஒரே உயரமாயின. இதனால் இசைக்கு நேர்ந்த இழப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்.

காது எப்படிக் கேட்கிறதோ அப்படிச் சத்தத்தை அளக்கும் முறை ஒன்றைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்டது. பி.எஸ்.1770 என்று பெயர். அதை வைத்து ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் ஆர்128 என்ற பரிந்துரையைக் கொண்டுவந்தது: நிகழ்ச்சி எதுவானாலும், விளம்பரமே ஆனாலும், சராசரி, அந்த முறையின் அலகில், –23 எல்.யூ.எஃப்.எஸ். அமெரிக்காவில் விளம்பரச் சத்தத்தைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றினார்கள். அது 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஸ்பாடிஃபை பாட்டுகளை வழக்கமாக –14-க்கு ஒப்பாக்குகிறது. ஆக, ஒரே வீட்டில் –23-க்கு வைத்ததும் –14-க்கு வைத்ததும் எதற்கும் வைக்காததும் ஒரே ஸ்பீக்கர் வழியாக வருகின்றன. 9 டெசிபல் வித்தியாசம் என்றால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தம்.

புளூடூத் வேறு. மொபைலில் ஒரு வால்யூம், ஸ்பீக்கரில் ஒரு வால்யூம். சில ஜோடிகளில் இரண்டும் ஒன்றாக நகரும், சிலவற்றில் தனித்தனியே நகரும். தனித்தனியே நகர்ந்தால் மொபைலை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் குறைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் குறைத்துவிட்டு முடிவில் கூட்டினால், நடுவில் உள்ள எல்லாக் கருவிகளின் இரைச்சலையும் சேர்த்துத்தான் கூட்டுவீர்கள். டேப் காலத்திலும் இதே விதிதான். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயத்தை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ஆம்ப்ளிஃபயர் கட்டும் இளைஞர்கள் இன்று தமிழில் ஏராளமாகக் காணொளி போடுகிறார்கள். 5200–1943 டிரான்சிஸ்டர் போர்டு நல்லதா, 7294 ஐ.சி. போர்டு நல்லதா என்று மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவார்கள். அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் இரண்டு போர்டுகளின் கெய்னும், அதாவது பெருக்கும் அளவும், ஒன்றாக இருக்காது. ஒன்று 2 டெசிபல் சத்தமாக இருந்தாலே அதில் "பேஸ் நல்லா வருது, டீடெயில் தெரியுது" என்று காது சொல்லிவிடும். சத்தம் கொஞ்சம் கூடினால் அதைச் சத்தம் என்று காது உணராது. தரம் என்று உணரும். ஒப்பிடும் முன் 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இரண்டு போர்டும் ஒரே எண்ணைக் காட்டும்படி வால்யூமை வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பல, 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பகமாக அளக்காது, அதனால்தான் 100. பத்தில் ஒரு டெசிபலுக்குள் கொண்டுவர, 2 வோல்ட்டில் 0.02 வோல்ட் அளவுக்கு நெருங்கினால் போதும். ஸ்பீக்கர்களை ஒப்பிடுவது இன்னும் கடினம். 86 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர், 90 டெசிபல் ஸ்பீக்கரோடு சமமாக ஒலிக்க இரண்டரை மடங்கு வாட் வேண்டும். கடையில் ஒரே குமிழ் நிலையில் இரண்டையும் மாற்றிக் காட்டினால் 90 ஜெயிக்கும். லெவலைச் சமன் செய்து மறுபடி கேட்கச் சொல்லுங்கள். வாங்குபவரின் உரிமை அது.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் ஏற்றிக் கொடுத்த கேசட்டுகள் சில என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று அக்கா மகன் கேட்டான். பெங்களூரில் சவுண்ட் எடிட்டிங் படித்தவன், வேலை தெரிந்தவன். பழுது பார்த்த ஒரு பழைய டெக்கைக் கொண்டுவந்தோம். சில கேசட்டுகள் டால்பி பி போட்டுப் பதிந்தவை. ரே டால்பி 1968-இல் வீட்டுக் கருவிகளுக்குக் கொண்டுவந்த இந்த முறை, மெல்லிய மேல் ஒலிகளைக் கூட்டிப் பதிந்து, கேட்கும்போது குறைக்கிறது. கூடவே நாடாவின் இரைச்சலும் குறைகிறது. எவ்வளவு குறைப்பது என்பதை அது வரும் லெவலைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். பதிந்த டெக்கின் லெவலைவிட இந்த டெக்கின் லெவல் குறைந்துவிட்டால், மெல்லிய ஒலி என்று தவறாக நினைத்து அளவுக்கு மேல் குறைத்துவிடும். தாளத்தின் ஜிங்கென்ற ஒலி போர்த்தி மூடியது மாதிரி ஆகிவிடும். முதலில் அப்படித்தான் கேட்டது. டெக்கின் உள்ளே இருக்கும் பிளேபேக் பிரிசெட்டைத் தரமான டெஸ்ட் கேசட் வைத்துத் திருத்திய பிறகு தாளம் திரும்ப வந்தது. 24 பிட்டில், உச்சிக்கு 6 டெசிபல் கீழே இடம் விட்டு, பக்கம் பக்கமாக ஏற்றினோம்.

அதன் பிறகுதான் எங்களுக்குள் பேச்சு வந்தது. அவன் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே வெட்டி, எல்லாவற்றையும் –14-க்குக் கொண்டுவர நினைத்தான். திரையில் எண்களைக் காட்டினான்.

"மாமா, பாருங்க. மூணாவது பாட்டு மத்ததவிட மூணு டெசிபல் கம்மி. அடுத்தது ஒன்றரை ஜாஸ்தி. அவர் லெவல் சரியா வைக்கல."

"கண்ண மூடிட்டுக் கேளு தம்பி. எந்தப் பாட்டுக்கு ரிமோட்டத் தேடுத?"

கேட்டான். ஒரு பக்கம் முழுவதும் கேட்டான். தேடவில்லை. பிறகு நான் சொல்லாமலே அவனே கண்டுபிடித்தான்: மூன்றாவது பாட்டு, குரலும் ஒரு வீணையும் மட்டும், அடுத்தது, முழு வாத்தியக் கூட்டம். சராசரி எண் மாறியிருக்கிறது, பாடகர் உட்கார்ந்த தூரம் மாறவில்லை. எல்லாவற்றையும் –14-க்கு இழுத்தால் வீணைப் பாட்டின் குரல் அறைக்குள் பாய்ந்து வந்துவிடும். அவன்தான் எனக்கு நெட்ஃபிளிக்ஸின் விதியைச் சொன்னான். தங்களுக்கு வரும் படங்களின் லெவலை அவர்கள் மொத்தச் சராசரியை வைத்து அளப்பதில்லை. வசனம் வரும் இடங்களை மட்டும் பிரித்தெடுத்து அளக்கிறார்கள், அது –27-இல் இருக்க வேண்டும், இரண்டு முன்பின் இருக்கலாம். வெடியும் இசையும் அதைச் சுற்றி எங்கே வேண்டுமானாலும் போகலாம். மனிதக் குரலை நிலையாக வைத்துவிட்டு மற்றதை விட்டுவிடும் முறை. ஜங்ஷன் பக்கத்து அறையில், முள்ளைக் கையால் மறைத்துக்கொண்டு அண்ணாச்சி செய்துகொண்டிருந்ததும் இதைத்தான். அவருக்கு ஹெட்ஃபோன் போதுமாக இருந்தது. உலகத்துக்கு அளவு முறை, கணினி, குரலைப் பிரித்தறியும் மென்பொருள் எல்லாம் வந்து சேர வேண்டியிருந்தது.

பாட்டுகளை வெட்டவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே நீளக் கோப்பாக வைத்து, பக்கம் முழுவதையும் ஒரே அளவாகத் தூக்கினோம்; பாட்டுக்குப் பாட்டு அவர் வைத்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது. மொபைல் செயலியில் 'வால்யூம் நார்மலைசேஷன்' என்ற பொத்தானை இந்தக் கோப்புகளுக்காக மட்டும் அணைத்து வைத்திருக்கிறான். இன்னும் டால்பி கேசட்டுகள் ஒரு பெட்டி இருக்கின்றன. டெக்கின் பெல்ட் தளர்ந்து வேகம் தடுமாறுகிறது. ரிச்சி தெருவில் அளவு சொல்லித் தேடிக்கொண்டிருக்கிறோம்.